என்ன வேலை என்று டொக்டர் கேட்டார்

எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான். பெரிய பதவி ஒன்றும் இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது, பசளைப் பட்டியல் எழுதுவது, வாய்க்கால் துப்பரவுக்கு யார் வந்தது யார் வராதது என்று எழுதுவது. கையெழுத்து கொஞ்சம் வடிவாக இருப்பதால் பத்து வருடத்துக்கு மேலாக எனக்குப் போட்டியாக ஒருவரும் வந்ததில்லை.

2018இல் காலபோக விதைப்புக்கு முன்பு நடந்த கூட்டத்துக்கு பி.எச்.ஐ. ஐயா, அதாவது எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்தார். அந்தப் பட்டியலையும் நானே எழுதினேன். 43 பேர். கிழமைக்கு ஒரு தடவை, 100 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் இரண்டு, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. வாங்கியவர்களின் பெயருக்கு நேரே ஒரு சரி. 17ஆவது பெயர் என்னுடையது. அதற்கும் ஒரு சரி போட்டுக்கொண்டேன்.

முதல் கிழமை மாத்திரையைக் காலமை வெறும் வயிற்றில், அரைக் கோப்பை பிளேன்ரீயோடு விழுங்கிவிட்டு வயலுக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் வரம்பில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். சாப்பிட்ட பிறகு என்று 42 பேருக்குச் சொன்னவன் நான்தான். மிச்சப் பைக்கற்றைச் சாமிப்படத் தட்டில், பழைய கலண்டருக்குப் பின்னால் செருகினேன். வருத்தம் வராத ஆளுக்கு மருந்து எதற்கு என்று அப்போது பட்டது.

அந்த வருடம் டிசம்பர் 21, 22 மழையை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். விடியும்போது எங்கள் இரண்டு ஏக்கரில் வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் மண்வெட்டியோடு போய், முழங்கால் அளவுக்கு நின்று, உடைந்த வரம்பைக் கட்டினோம். மூன்று நாள். வெறுங்கால். என் குதிக்காலில் பித்தவெடிப்பு எப்போதும் உண்டு. விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் இருந்தது. வயல் செய்பவன் காலில் இதெல்லாம் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வெள்ளத்தோடு வளையை விட்டு ஏறிய எலிகள் உயர்ந்த வரம்பில் எங்களுக்குப் பக்கத்திலேயே ஓடித் திரிந்தன. அதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றோம்.

ஜனவரி முதல் கிழமை காய்ச்சல் தொடங்கியது.

நடுக்கத்தோடு சட்டென்று ஏறிய காய்ச்சல். தலை வெடிக்கும் போல வலி. மழை முடிந்த காலம், டெங்குக் காலம் என்பதால் டெங்கு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் ரவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"கடையில கணக்கு எழுதுறன்."

பொய் இல்லை. ஒரு ஹாட்வெயார் கடையில் கிழமையில் மூன்று நாள் கணக்கு எழுதுகிறேன். ஆனால் கமம் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஏ.எல். வரை படித்துவிட்டு வயலுக்குள் நிற்கிறேன் என்று ரவுனில் சொல்ல ஒரு சின்ன வெட்கம் எனக்கு உண்டு. அன்றைக்குத் தோய்த்த வெள்ளைச் சேட் வேறு போட்டிருந்தேன். அவருக்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தான். கணக்குப்பிள்ளைக்கு வரக்கூடிய காய்ச்சலை அவர் யோசித்தார். வைரஸ் காய்ச்சல் போல இருக்கிறது, பனடோல் குடியுங்கள், நிறைய நீராகாரம் எடுங்கள், நாளைக்கு இரத்தம் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அவருக்குத் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் சரியான வைத்தியம்தான்.

நான் இரத்தம் சோதிக்கவும் போகவில்லை.

அம்மாவின் மல்லித்தண்ணியும் பனடோலுமாக அடுத்த நாளும் போனது. நாலாம் நாள் கெண்டைக்கால் இரண்டும் வலித்த வலியைச் சொல்லத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து கிணற்றடிக்கு நடக்க முடியவில்லை. கண் இரண்டும் சிவப்பு, ஆனால் பீழை இல்லை. "மூண்டு நாள் தண்ணிக்குள்ள நிண்ட அலுப்பு" என்றார் அம்மா. மருமகன் சந்திக் கடையில் வலி மாத்திரையும், கடதாசியில் மடித்த நாலு அன்ரிபயோட்டிக் கப்சூலும் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த வலி மாத்திரை டைக்ளோபினாக் என்று பிறகுதான் தெரியும். எனக்கு வந்திருந்த எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தில் கைவைக்கிற வருத்தம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைப்பவை. எரிகிற வீட்டுக்கு நானே காசு கொடுத்து எண்ணெய் வாங்கியிருக்கிறேன். டெங்குவாக இருந்திருந்தாலும் அந்த மாத்திரை கூடாது, அது இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்தது. மஞ்சள் காமாலை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மாமா வேலிக்கரையில் கீழ்க்காய்நெல்லி பிடுங்கிக்கொண்டு வர, அம்மா அரைத்து மோரில் கலந்து தந்தார்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருந்தோம். அங்கே கூடாரத்துக்குக் கூடாரம் காமாலை வந்தது. அது ஹெபடைற்றிஸ் ஏ, மலம் கலந்த தண்ணீராலும் கழுவாத கையாலும் பரவுகிற வைரஸ். அதைக் கொல்ல மருந்து கிடையாது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே மாறும். அங்கே எங்களுக்கு உதவியது ஒரே ஒரு அறிவு: அது வாய் வழியாக வருகிறது. விறகு கிடைக்காத அந்த இடத்திலும் அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்தார். கொதிக்காத தண்ணீரைக் குடித்ததற்காகத் தங்கச்சி அடி வாங்கினாள். எங்கள் கூடாரத்தில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த வெற்றி அம்மாவின் மனதில் அப்படியே இருந்தது: காமாலை என்றால் அவருக்குத் தெரியும்.

ஆனால் மஞ்சள் என்பது ஒரு அடையாளம் மட்டும்தான். ஈரல் சரியாக வேலை செய்யவில்லை என்று கண் சொல்கிறது; ஏன் என்று சொல்லவில்லை. மெனிக் பாமில் காரணம் வைரஸ். என் உடம்பில் இருந்தது பக்டீரியா. அது காத்திருந்தால் மாறும், இது காத்திருந்தால் ஆளைக் கொல்லும்.

ஆறாம் நாள் காலமை சிறுநீர் ஒரு மிடறு அளவுதான் போனது, சாயம் கூடின பிளேன்ரீயின் நிறத்தில். அதைப் பார்த்துப் பயந்து அம்மாவே ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். கண்ணைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் என் கெண்டைக்காலைப் பிடித்து அமத்தினார். நான் போட்ட சத்தத்துக்கு வாட்டே திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, வயலுக்குள்ள இறங்கினீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"வெள்ளத்தோட. பத்துப் பன்ரெண்டு நாளிருக்கும்."

அவர் பக்கத்தில் நின்ற தாதியிடம் ஏதோ சொன்னார். அரை மணித்தியாலத்துக்குள் நாளத்தில் பெனிசிலின் ஏறத் தொடங்கிவிட்டது. இரத்தம் எடுத்தது உண்மை, ஆனால் முடிவு வரட்டும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. இது எனக்கு அப்போது விளங்கவில்லை. சோதிக்காமலே மருந்தா என்று அரை மயக்கத்திலும் ஒரு சந்தேகம் வந்தது. பிறகு விளங்கப்படுத்தினார். வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. அது உருவாக ஐந்து, ஏழு நாள் பிடிக்கும். உறுதியாகச் சொல்ல இன்னும் சில நாள் கழித்து இரண்டாம் தடவை இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டியும் வரலாம். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தால் சிறுநீரகமோ நுரையீரலோ போய்விடும். அதனால் காய்ச்சல், கெண்டைக்கால், சிவந்த கண், வயல், இவ்வளவும் சேர்ந்தால் போதும், தொடங்கிவிடுவார்கள். அந்த நாலில் நாலாவதை நான் கிளினிக்கில் விழுங்கிவிட்டேன்.

ஒன்பது நாள் படுத்திருந்தேன். சிறுநீரை அளவுப் போத்தலில் பிடித்து எழுத வேண்டும். குடிக்கும் தண்ணீரும் கணக்கு. கணக்கு எழுதுகிறவனுக்கு ஏற்ற வருத்தம்தான். சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறி ஏறிப் போய், இரத்தம் சுத்திகரிக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று ஒரு நாள் முழுவதும் பேசினார்கள். அடுத்த நாள் போத்தல் கொஞ்சம் நிறைந்தது. அந்தப் போத்தலைப் பார்த்து அம்மா கும்பிட்டதை எழுதாமல் விட முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். 60 வயதுக்கு மேல், சீனி வருத்தக்காரர், அவரும் எங்களைப் போல வெள்ளத்துக்குள் நின்றவர். என்னைப் போலவே காய்ச்சல். எனக்கு ஏற்றிய அதே மருந்து அவருக்கும். எனக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, அவருக்கு விடவில்லை. இருமலும் சேர்ந்துவிட்டது. அவருடைய மகள் என் அம்மாவிடம், "உங்கட மகனுக்கு நல்ல மருந்து குடுத்திருக்கினம், எங்கட அப்பாவுக்கு என்னவோ" என்று குறைப்பட்டார். உண்மையில் போத்தல் கூட ஒரே பெட்டியில் இருந்து வந்தது.

அவருடைய இரத்தத்தை முதல் நாளே வளர்ப்புப் பரிசோதனைக்கும் எடுத்திருந்தார்கள். கிருமிக்குப் பிடித்த சாப்பாட்டில் அந்த இரத்தத்தை விட்டு, சூட்டில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பது. விதை எது என்று தெரியாவிட்டால் மண்ணில் போட்டுப் பார்க்கிறோமே, அதே வேலை. சில நாளில் முளைத்தது வேறு ஒன்று: மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தைக் கொண்டுவரும் பக்டீரியா. எனக்கு வந்தது எலியின் சிறுநீரில் இருந்து. அவருக்கு வந்ததற்கு எலியே தேவையில்லை. அது மண்ணிலும் சேற்றிலும் தானாகவே வாழும், மழையோடு மேலே வரும். காயத்தாலும் நுழையும், மூச்சோடும் போகும். சீனி வருத்தம் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். பெனிசிலின் அதற்குத் தண்ணீர் மாதிரி, ஒன்றும் செய்யாது. செப்ராசிடிம் அல்லது மெரோபெனம் என்ற ஊசி மருந்தைக் குறைந்தது இரண்டு கிழமை நாளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு வேறு மாத்திரை மூன்று மாதமாவது குடிக்க வேண்டும். இடையில் விட்டால் திரும்பி வரும்.

மருந்தை மாற்றினார்கள். நான் வீட்டுக்கு வரும்போது அவர் எழுந்து கதிரையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார்.

இந்த இரண்டு கட்டிலைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே வெள்ளம், ஒரே சேறு, ஒரே மாதிரிக் காய்ச்சல். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே இருந்த ஆள் வேறு. "எங்கட அப்பாவுக்கு நல்ல மருந்து குடுக்கயில்லை" என்ற பேச்சு இன்றைக்கும் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வருவார். நல்ல மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது, எந்தக் கிருமிக்கு என்று கேட்க வேண்டும். சந்திக் கடையில் கடதாசியில் மடித்துத் தந்த என் நாலு கப்சூலுக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. ஆஸ்பத்திரியில் "என்ன கப்சூல் குடிச்சனீங்கள்?" என்று கேட்டபோது, "சிவப்பும் மஞ்சளும்" என்றேன். உலகத்தில் பாதிக் கப்சூல் சிவப்பும் மஞ்சளும்தான்.

வீட்டுக்கு வந்து நாலு நாளில் பி.எச்.ஐ. ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எலிக்காய்ச்சல் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய், டொக்டர் எச். 544 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால் பி.எச்.ஐ. வீடு தேடி வந்து விசாரிக்க வேண்டும். எங்கே நின்றீர்கள், மாட்டுக்கொட்டில் எங்கே, நெல் மூட்டை எங்கே, வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு பையிலிருந்து எங்கள் அமைப்பின் பட்டியலின் பிரதியை எடுத்து விரித்து, 17ஆவது பெயரில் விரலை வைத்தார்.

"தம்பி, இது உம்மட கையெழுத்துத்தானே?"

அம்மா குசினிக்குள் இருந்து அந்தப் பைக்கற்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விபூதி எடுக்கப் போய்க் கண்டெடுத்திருக்கிறார். அவ்வளவு நாளும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

பி.எச்.ஐ. ஐயா ஏசவில்லை. பிளேன்ரீ குடித்துக்கொண்டே இந்தக் கிருமியின் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேடித் தேடி வாசித்தேன். படுத்துக் கிடந்த ஒரு மாதத்தில் வேறு என்ன செய்வது.

கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. தக்கை திருகி மாதிரிச் சுருண்ட மெல்லிய இழை, நுனி கொக்கி போல வளைந்திருக்கும். 1907இல் ஸ்ரிம்சன் என்ற அமெரிக்க வைத்தியர், மஞ்சள் காய்ச்சல் என்ற வேறொரு வருத்தத்தால் இறந்ததாக நினைத்த ஒருவரின் சிறுநீரகத்தில் இதைக் கண்டார். வளைந்த நுனியோடு பார்க்கக் கேள்விக்குறி போல இருந்ததால் 'இன்ரறொகன்ஸ்' என்று பெயர் வைத்தார். இது என்ன செய்கிறது என்பது தெரிய இன்னும் எட்டு வருடம் சென்றது. யப்பானில் கியூசுத் தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குக் காய்ச்சலும் காமாலையும் வந்துகொண்டிருந்தது. 1915இல் இனாதா, இதோ என்ற இரண்டு வைத்தியர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கினி எலிக்கு ஏற்றி, அதன் ஈரலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தோல் வழியாகவே அது நுழையும் என்றும் காட்டினார்கள். சாதாரண எலி அதைச் சுமந்து திரிகிறது என்பதும் அடுத்த இரண்டு வருடத்துக்குள் யப்பானில் தெரிந்தது. தண்ணீர் ஊறிய சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் காலும், என் காலும் ஒரே கால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விடயம், எலிக்கு எலிக்காய்ச்சல் வருவதில்லை. கிருமி அதன் சிறுநீரகக் குழாய்களில் குடியிருக்கும். எலி நோகாமல் ஓடித் திரிந்து, போகிற இடமெல்லாம் சிறுநீரோடு அதை விட்டுச் செல்லும். எலி மட்டுமில்லை, மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாம் சுமக்கும். ஈரமான மண்ணிலும் நல்ல தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். இதைத் தெரிந்த பிறகு வயலில் நான் செய்கிற காரியங்கள் மாறிவிட்டன. வெள்ளம் வடிந்து முதல் சில நாள் தேவையில்லாமல் இறங்குவதில்லை. பித்தவெடிப்புக்கு இரவில் வேப்பெண்ணெய் தடவுகிறேன், சேற்றுப்புண் இருந்தால் அது ஆறும்வரை இறங்காமல் கூலிக்கு ஆள் பிடிக்கிறேன். வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவுவதில்லை. கண்ணாலும் வாயாலும் அது நுழையும். வரம்புப் புல்லைச் செதுக்கி எலி வளை தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். பூட்ஸ் போடச் சொல்லிப் புத்தகங்கள் சொல்லும். எழுதினவர் எங்கள் சேற்றுக்குள் பூட்ஸ் போட்டு நாலு எட்டு வைத்துப் பார்க்கட்டும். கால் வரும், பூட்ஸ் வராது.

அதனால்தான் அந்த மாத்திரை எங்களுக்குப் பெரிய விடயம். 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினர் 940 பேரை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை குடித்தவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மருந்து குடித்தவர்களில் ஒருவருக்கு. அவர்கள் அங்கே நின்றது மூன்று கிழமை, நாங்கள் நிற்பது ஒரு போகம் முழுவதும், அதனால் அந்தக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பி.எச்.ஐ. ஐயாவும் சொல்லவில்லை. மாத்திரை குடித்தவனுக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டும் என்றுதான் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது கொடுப்பதில்லை. பாலோடு குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது. குடித்த கையோடு படுத்தால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அமைப்பில் வயது கூடின சிலருக்கு இந்தத் தடுப்பு மாத்திரைப் பேச்சே பிடிப்பதில்லை. அவர்களிடம் நான் மலேரியாவைப் பற்றித்தான் பேசுவேன். தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கும். காய்ச்சல் என்று போனால் முதலில் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் பூசி எடுப்பார்கள். என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஒருவரையும் விடமாட்டார்கள். எந்த நுளம்பு, அது எங்கே முட்டையிடும், எந்த நேரம் கடிக்கும் என்று தெரிந்து வீட்டுச் சுவருக்கு மருந்தடித்தார்கள், வலை கொடுத்தார்கள், ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கைக்குள் நுளம்பால் பரவிய மலேரியா ஒன்றும் இல்லாமல், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. என் மகனுக்கு மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் வரும் சொல். அவனுக்கு அதை விளங்கப்படுத்த நான் நடுங்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் எலிக்காய்ச்சலை அப்படி ஒழிக்க முடியாது, எலியையும் மாட்டையும் மழையையும் எங்கே கொண்டுபோய் விடுவது?

2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது முகநூலெல்லாம் மர்மக் காய்ச்சல் என்று எழுதினார்கள். என் தொலைபேசிக்கு ஒரே நாளில் அந்தச் செய்தி ஏழெட்டுத் தடவை வந்தது. வாசித்தவுடன் என் கெண்டைக்கால் நொந்தது, சத்தியமாக. இரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பெயர் தெரிந்ததும் மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் கடைக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்கு வா என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மர்மம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பயப்பட மட்டும்தான் முடியும், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் கிழமை எங்கள் ஊரில் ஒரு இளந்தாரிக்குக் காய்ச்சல். ரவுனுக்கு டொக்டரிடம் போகப் புறப்பட்டவனை வீதியில் மறித்து, "டொக்டர் என்ன வேலை எண்டு கேட்டா என்னடா சொல்லுவாய்?" என்று கேட்டேன். அவன் கணினி வகுப்பு நடத்துகிறவன். "கொம்பியூட்டர் படிப்பிக்கிறன் எண்டு" என்றான். போன கிழமை தகப்பனோடு வயலில் பசளை எறிந்ததை நான் கண்டிருந்தேன். ஒரு கடதாசியில் 'வெள்ளத்துக்குப் பிறகு வயலில் நின்றவர், 8 நாள்' என்று எழுதிச் சேட் பொக்கற்றில் வைத்து அனுப்பினேன். அவனுக்கு டெங்கு. பரவாயில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே அதையும் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் போகத்துக்கும் மாத்திரை வந்திருக்கிறது. முன்பு கூட்டத்தில் பைக்கற்றைக் கையில் கொடுத்து அனுப்புவோம். இப்போது முதல் கிழமை மாத்திரையை அங்கேயே குடிக்க வைக்கிறோம். அதற்காகக் கௌப்பி அவித்து, தேங்காய்ப்பூப் போட்டு, ஒரு பானை தண்ணீரும் வைக்கிறோம். செலவு அமைப்புக் கணக்கில். கணக்காய்வுக்கு வந்தவர் இந்தக் கௌப்பி எதற்கு என்று கேட்டார். நான் வரம்பில் குந்தியிருந்த கதையை முழுவதும் சொல்ல வேண்டி வந்தது.

இன்றைக்குக் காலமை கூட்டம் நடந்தது. 46 பேரில் 44 பேர் கௌப்பி சாப்பிட்டுவிட்டு விழுங்கியிருக்கிறார்கள். பெயருக்கு நேரே சரி போடுவதை விட்டுவிட்டேன். விழுங்கின பிறகு அவரவரே கையெழுத்து வைக்க வேண்டும். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் மகளைப் பார்க்க வவுனியாவுக்குப் போய்விட்டார், வந்ததும் பிடிக்கலாம். மற்றவர் வீட்டிலேயே இருக்கிறார்; எனக்கு ஒன்றும் வராது, நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கென்று ஒரு கிண்ணம் கௌப்பி எடுத்து மூடி வைத்திருக்கிறேன். இருட்ட முதல் சைக்கிளில் போய் வர வேண்டும்.